சார்ஜருக்கு மேல ஒரு கூரை போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதம் பகுதியில ஒருத்தர் எழுதியிருந்தாரு. சென்னை வெயிலுக்கு எலக்ட்ரிக் கார் சரிப்பட்டு வராது, வெயில் பேட்டரியை உறிஞ்சிடுது, 300 கிலோமீட்டர் ஓடும்னு சொல்லி வித்தாங்க, 200 தாண்டறதே பெரும்பாடா இருக்குன்னு. அவர் படற கஷ்டம் நிஜம்தான், நானும் அதையேதான் தினமும் அனுபவிக்கிறேன். ஆனா அவர் சொன்ன காரணம் சரியில்ல. காரணம் தப்பாப் போனா தீர்வும் தப்பாப் போயிடும், அதனாலதான் உட்கார்ந்து எழுதறேன், கொஞ்சம் நீளமா போனாலும் வெட்டாம போடுங்க ஐயா.

நான் 17 வருஷம் கார் ஏசி மெக்கானிக்கா வேலை பாத்தவன். கேஸ் ஏத்தறது, கம்ப்ரஸர் மாத்தறது, கண்டென்சர் கழுவறது, அதுதான் பொழப்பு. மூணு வருஷம் முன்னாடி லோன் போட்டு எலக்ட்ரிக் கார் எடுத்து மேடவாக்கத்துல இருந்து டாக்சி ஓட்டறேன். 40 யூனிட் பேட்டரி. எடுத்த நாள்ல இருந்து ஒரு டைரில எத்தனை பர்சன்ட்ல கிளம்பினேன், எத்தனைல வந்து நின்னேன், எவ்ளோ தூரம் ஓடுச்சுன்னு ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி எழுதிடுவேன். ஜனவரில 90 பர்சன்ட்ல இருந்து 10 வரைக்கும் ஓட்டினா 240 கிலோமீட்டர் வருது. அதே வண்டி, அதே ரோடு, அதே டிரைவர், மே மாசத்துல 190 வந்தா பெரிய விஷயம். 50 கிலோமீட்டர் எங்க போச்சு? ஒரு ஏர்போர்ட் சவாரி போயி திரும்பற தூரம் அது, எங்க வீட்டுக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசு.

மொத்தப் பழியையும் பேட்டரி மேல போடறது தப்பு. வெயில்ல பேட்டரி தன்னால ஒண்ணும் பெருசா இறங்கறதில்ல. சொல்லப்போனா குளிர் ஊர்லதான் பேட்டரி மந்தமாகும், சூட்டுல அது சுறுசுறுப்பாவே வேலை செய்யும். அமெரிக்காவுல ட்ரிபிள் ஏ-ன்னு வாகன ஓட்டிகள் சங்கம் ஒண்ணு இருக்கு, அவங்க 2019ல 5 எலக்ட்ரிக் கார் வச்சு சோதனை பண்ணாங்க. 35 டிகிரி சூட்டுல ஏசி போடாம ஓட்டினா ரேஞ்ச், அதாவது ஒரு தடவை சார்ஜ் போட்டா ஓடற தூரம், வெறும் 4 சதவீதம்தான் குறைஞ்சுது, அதே சூட்டுல ஏசி போட்டு ஓட்டினா 17 சதவீதம். மைனஸ் 7 டிகிரி குளிர்ல ஹீட்டர் போட்டா 41 சதவீதம் போச்சு. அந்த 4க்கும் 17க்கும் நடுவுல இருக்கறது முழுக்க ஏசி. பழி போட வேண்டிய இடம் அதுதான், நான் 17 வருஷம் கையில வச்சு பாத்த சாமான் அது.

இன்னொண்ணு, ஷோரூம்ல சொல்ற ரேஞ்ச் நம்பர் ஏசி போடாம, மிதமான சூட்டுல, லேப்ல உருளை மேல வண்டியை ஓட வச்சு எடுக்கறது. அது எல்லா வண்டிக்கும் பொதுவான பரீட்சை, ஒரு வண்டியை இன்னொரு வண்டியோட ஒப்பிட மட்டும்தான் உதவும், நம்ம ஊர்ல எவ்ளோ ஓடும்னு அதுல தெரியாது. ஏசி போட்டு எடுத்த நம்பரையும் பக்கத்துல எழுதணும்னு கேக்கறது நியாயமான கோரிக்கை, எழுதட்டும்.

இப்ப கணக்குக்கு வரேன். ஒரு யூனிட் கரண்ட்ல என் வண்டி சுமாரா 7 கிலோமீட்டர் ஓடும். கத்திரி வெயில்ல ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஒண்ணரை யூனிட் தின்னும். வண்டி ஓடினாலும் தின்னும், சிக்னல்ல நின்னாலும் தின்னும், ஏன்னா அது மணிக்கணக்குல சாப்பிடற ஆளு, கிலோமீட்டர் கணக்கு அதுக்கு தெரியாது. ஈசிஆர்ல காலியா இருக்கற நேரத்துல ஒரு மணி நேரம் ஓட்டினா 60 கிலோமீட்டர் போயிடலாம், ஓட்டறதுக்கு எட்டரை யூனிட், ஏசிக்கு ஒண்ணரை, பெருசா தெரியாது. அதே ஒரு மணி நேரம் ஓஎம்ஆர்ல மெட்ரோ வேலை நடக்கற இடத்துல சோழிங்கநல்லூர்ல இருந்து மத்திய கைலாஷ் பக்கம் ஊர்ந்து வந்தீங்கன்னா 15 கிலோமீட்டர்தான் நகர்ந்திருப்பீங்க, ஓட்டறதுக்கு ரெண்டு யூனிட், ஏசிக்கு அதே ஒண்ணரை. வண்டியை நகர்த்தறதுக்கும் உள்ள இருக்கறவங்களை குளுகுளுன்னு வைக்கறதுக்கும் கிட்டத்தட்ட ஒரே செலவு. பெட்ரோல் வண்டிலயும் இந்தச் செலவு உண்டு, ஆனா அதுல இன்ஜினே முக்காவாசி பெட்ரோலை சூடாவும் புகையாவும் வீணாக்கிடறதால ஏசிக்கு போறது தனியா கண்ணுக்கு தெரியாது. எலக்ட்ரிக் வண்டி சிக்கனமான வண்டி, அதனால சின்ன செலவும் பளிச்சுன்னு தெரியுது.

சென்னைக்குன்னு இன்னொரு தொல்லை இருக்கு, புழுக்கம். 34 டிகிரின்னு போன்ல காட்டும், சட்டை நனைஞ்சு முதுகுல ஒட்டிக்கும். ஏசிங்கறது காத்தை குளிராக்கறது மட்டும் இல்லைங்க, காத்துல இருக்கற ஈரத்தை பிழிஞ்சு வெளிய தள்ளறதும் அதோட வேலைதான், அதுக்கும் கரண்ட் வேணும். நின்ன கார் அடியில சொட்டு சொட்டா தண்ணி விழுந்து தரையில ஓடறதை எல்லாரும் பாத்திருப்பீங்க, நிறைய பேர் லீக்குன்னு பயந்துகிட்டு ஷெட்டுக்கு வருவாங்க. அது நம்ம ஊர் காத்துல இருந்து பிழிஞ்ச தண்ணி. டெல்லில வறண்ட வெயில் 42 அடிச்சாலும் ஏசி இவ்ளோ தண்ணி பிழிய வேண்டியதில்ல.

அடுத்தது வண்டியை வெயில்ல நிறுத்தறது. இதைப் பத்திதான் நான் முக்கியமா பேசணும்னு நினைச்சேன். ஒரு மணி நேரம் நேர் வெயில்ல நின்ன கார் கதவைத் திறந்தா முகத்துல அடிக்கற அனல் எல்லாருக்கும் தெரியும், ஸ்டியரிங் பிடிக்க முடியாது, சீட் பெல்ட் கொக்கி கையைச் சுடும். அந்த சூட்டை இறக்கறதுக்கு ஏசி முதல் 10, 15 நிமிஷம் முழு மூச்சுல ஓடும், சாதாரணமா எடுக்கறதுல ரெண்டு மடங்கு எடுக்கும். சொந்தக் கார் வச்சிருக்கறவங்களுக்கு காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. எனக்கு ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. ஒவ்வொரு சவாரிக்கும் நடுவுல வண்டி வெயில்ல காயும், கஸ்டமர் ஏறும்போது குளிரா இருக்கணும், இல்லைன்னா ஸ்டார் குறைச்சிடுவாங்க. கூட்டிப் பாத்தா நாளைக்கு 20 கிலோமீட்டர் கிட்ட வண்டியை ஆறவைக்கறதுக்கே போகுது. டைரில காணாம போன 50ல 20 இங்கதான் இருக்கு. நிழல்ல நிறுத்தினா இதுல பாதிக்கு மேல மிச்சம்.

நிழலுக்கு எங்க போறது? மத்தியானம் 12 மணிக்கு மேல ஓஎம்ஆர்ல, வேளச்சேரில, போரூர்ல எந்த டிரைவரை வேணா கேளுங்க, எந்த சந்துல தூங்குமூஞ்சி மரம் இருக்கு, எந்த பாலத்துக்கு அடியில போலீஸ் விரட்டாதுன்னு மனப்பாடமா சொல்லுவாங்க. ஒரு மரத்தடியில பத்து வண்டி ஒட்டிக்கிட்டு நிக்கும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் ஒரே நாள்ல இந்த ஊர் மரங்களை ஆயிரக்கணக்குல சாய்ச்சுட்டு போச்சு, அப்ப நான் ஷெட்ல இருந்தேன், எங்க ஷெட் வாசல்ல நின்ன பெரிய வேப்பமரம் அன்னிக்கு விழுந்துச்சு. அந்த இடம் இன்னிக்கும் வெட்ட வெயில்தான்.

இப்ப ரெண்டு வாரம் முன்னாடி நடந்ததை சொல்றேன். எங்க ஏரியாவுல இருந்து வயசான தம்பதி, விழுப்புரத்துக்கு சவாரி, அவங்க பேத்திக்கு வளைகாப்பு. காலைல ரெண்டு ஏர்போர்ட் டிரிப் அடிச்சிட்டதால பேட்டரி 70ல இருந்துச்சு. வழில மேல்மருவத்தூர் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க்ல ஃபாஸ்ட் சார்ஜர் இருக்கு, அங்க அரை மணி நேரம் போட்டுக்கலாம்னு அவங்ககிட்ட முன்னாடியே சொல்லிட்டுதான் கிளம்பினேன். மணி ஒண்ணரை. ஹைவேல 80, 90ல ஓடி வந்த வண்டி, 35 பர்சன்ட் காட்டுது.

அந்த பங்க் நல்லா பெரிய பங்க். பெட்ரோல் போடற இடத்துக்கு மேல உயரமா கூரை, நல்ல நிழல், கீழ தரையெல்லாம் சில்லுனு. அங்க ஒரு வண்டி நிக்கறது மூணு நிமிஷம். சார்ஜர் எங்க இருக்குன்னா, காம்பவுண்ட் ஓரத்துல, டாய்லெட்டுக்குப் பக்கத்துல, தார் போட்ட தரையில, தலைக்கு மேல ஒண்ணுமே இல்லாம. அங்க ஒரு வண்டி நிக்கறது குறைஞ்சது அரை மணி நேரம். பெட்ரோல் ஆவி வர்ற இடத்துக்குப் பக்கத்துல கரண்ட் மெஷின் வைக்கக்கூடாது, தள்ளித்தான் வைக்கணும்னு எனக்கும் தெரியும். தள்ளி வைங்க, தள்ளி வச்ச இடத்துல ஒரு தகரமாவது போடக்கூடாதா?

வண்டில மாட்டற சார்ஜர் கன்னை எடுத்தா கைப்பிடி சுடுது, கர்ச்சீப் சுத்திதான் பிடிச்சேன். கறுப்பு கேபிள் வெயில்ல கொழகொழன்னு ஆகி கிடக்கு. ஸ்கிரீன்ல ஒரு எழுத்து தெரியல, முழுக்க வானம்தான் தெரியுது. நான் கையை வச்சு மறைச்சு மறைச்சு பாக்கறதைப் பாத்துட்டு பங்க்ல வேலை பாக்கற ஒரு பையன் இன்ஜின் ஆயில் வந்த அட்டைப்பெட்டியை பிரிச்சு எடுத்துகிட்டு ஓடி வந்தான். "இத மேல புடிண்ணா, எல்லாரும் இப்படித்தான் பண்ணுவாங்க"ன்னான். அவன் அட்டையை பிடிக்க நான் ஸ்கிரீன்ல இருந்த க்யூஆர் கோடு-ஐ ஸ்கேன் பண்ண, ஒரு வழியா சார்ஜ் ஏற ஆரம்பிச்சுது. சார்ஜ் ஏறற வேகம் முதல்ல 38 கிலோவாட் காட்டுச்சு. எட்டாவது நிமிஷம் 21. அப்புறம் 16ல வந்து உட்கார்ந்துடுச்சு, ஏறவே இல்ல. அரை மணில முடிய வேண்டிய 18 யூனிட் ஒரு மணி நேரத்துக்கு மேல இழுத்துச்சு.

ஏன் குறையுதுன்னா, பேட்டரி ஏற்கனவே ஹைவேல ஓடி சூடா இருக்கு, வேகமா சார்ஜ் ஏத்தும்போது இன்னும் சூடாகும். ஒரு அளவுக்கு மேல போனா உள்ள இருக்கற கன்ட்ரோல் சிஸ்டம் தானாவே கரண்டை குறைச்சுக்கும், பேட்டரியைக் காப்பாத்தறதுக்கு, அது செய்யறது சரிதான். சார்ஜர் மெஷினும் அப்படித்தான், ரொம்ப சூடானா அதுவும் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தை குறைக்கும். என் வண்டில பேட்டரியை குளிர வைக்கறதும், ஆள் உட்கார்ற இடத்தை குளிர வைக்கறதும் ஒரே கம்ப்ரஸர்தான். வெயில்ல நிக்கற வண்டில உள்ள இருக்கறவங்களுக்கும் குளிர் வேணும், பேட்டரிக்கும் வேணும், ரெண்டு பேருக்கும் பத்தல. முன்னாடி ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சத்தம் போடுது. அந்த பெரியம்மா முந்தானையால விசிறிகிட்டே இருந்தாங்க, ஒரு வார்த்தை என்னைக் கடிஞ்சுக்கல. பெரியவர்தான் மெல்ல கேட்டாரு, "ஏம்பா, அந்த கூரைக்கு கீழ போய் நாங்க ஒரு சேர் போட்டு உட்காரலாமா"ன்னு. ரெண்டு பேரும் பெட்ரோல் போடற நிழல்ல காத்து டேங்க் பக்கத்துல ஓரமா உட்கார்ந்துகிட்டாங்க. வளைகாப்பு முடிஞ்சு சாப்பாட்டுக்குத்தான் போய் சேர்ந்தாங்க. அந்த நேரத்தை நான் எப்படி திருப்பிக் கொடுக்கறது?

கூரை போட்டா 16 உடனே 38 ஆயிடும்னு நான் சொல்லல, ஓடி வந்த சூடு ஓடி வந்த சூடுதான். ஆனா ஏசி வேலை பாத்தவனா ஒண்ணு உறுதியா சொல்வேன், கண்டென்சர் சூட்டை வெளிய தள்ளணும்னா அதைச் சுத்தி இருக்கற காத்து கொஞ்சமாவது குளிர்ந்து இருக்கணும். கொதிக்கற தார் தரையில இருந்து எழும்பற அனலை உறிஞ்சிகிட்டு அது எப்படி பேட்டரியைக் குளிர வைக்கும்? வீட்டு ஏசிக்கு வெளிய மாட்டற யூனிட்டை மேற்கு வெயில் படாம மாட்டுங்கன்னு சொல்றோம்ல, அதே விஷயம்தான். பேட்டரி இருக்கறதும் வண்டியோட அடியில, தரைக்கு ஒரு ஜாண் மேல. நிழல் இருந்தா தரை ஆறும், வண்டி உள்ள சூடு குறையும், கம்ப்ரஸர் முழு பலத்தையும் பேட்டரிக்கு கொடுக்கும், சார்ஜர் மெஷினும் சூடாகாது, ஸ்கிரீனும் தெரியும். மழைக்காலத்துல நனையாம கன் மாட்டலாம்.

இதெல்லாம் அன்னன்னிக்கு போற ரேஞ்ச். இதுல வருத்தப்பட வேண்டியது குறைவு, ராத்திரி சார்ஜ் போட்டா காலைல திரும்ப வந்துடும். திரும்ப வராதது ஒண்ணு இருக்கு, அது பேட்டரியோட ஆயுசு. லித்தியம் பேட்டரிக்கு 15ல இருந்து 35 டிகிரி வரைக்கும்தான் சௌகரியம். சூடு 10 டிகிரி ஏறினா உள்ள நடக்கற ரசாயன வேலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு வேகமாகும்னு பொதுவா ஒரு கணக்கு சொல்வாங்க, பேட்டரியை தேய வைக்கற வேலையும் அதுல அடக்கம். ஓட்டினாலும் தேயும், சும்மா நிறுத்தி வச்சாலும் தேயும். 100 பர்சன்ட் ஏத்தி வெயில்ல நிறுத்தினா இன்னும் சீக்கிரம் தேயும். அமெரிக்காவுல அரிசோனா மாநிலம் ஃபீனிக்ஸ்னு ஒரு பாலைவன ஊர், 2012 வாக்குல அங்க நிசான் லீஃப் வாங்கினவங்க ஒண்ணு ரெண்டு வருஷத்துலயே பேட்டரி தேஞ்சு போச்சுன்னு வரிசையா புகார் கொடுத்தாங்க, அந்தக் காருக்கு பேட்டரியை குளிர வைக்க தண்ணி ஓடற ஏற்பாடு கிடையாது. அப்புறம் கம்பெனி பேட்டரி கொள்ளளவுக்குன்னு தனியா வாரன்டி கொடுத்துச்சு, சூடு தாங்கற மாதிரி பேட்டரியையும் மாத்தி அமைச்சுது. இப்ப வர்ற கார் நிறைய அந்தப் பாடத்தை படிச்சுட்டு வந்ததுதான், தண்ணி கூலிங் இருக்கு, எல்எஃப்பின்னு சொல்ற லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி சூட்டை இன்னும் நல்லா தாங்குது, 8 வருஷம் வாரன்டி தர்றாங்க. நம்ம ஊர்ல 2003 மே 31ல நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி அடிச்சதை பெரியவங்க இன்னும் சொல்வாங்க, ஆனா என் பயம் அந்த மாதிரி ஒரு நாள் இல்ல. மே மாசத்துல பல நாள் ராத்திரி கூட 28, 29க்கு கீழ இறங்கறதில்ல பாருங்க, அதான். பேட்டரி பல நூறு கிலோ கனம், மெல்லத்தான் சூடாகும், மெல்லத்தான் ஆறும். பகல் முழுக்க காய்ஞ்ச வண்டி ராத்திரிலயும் ஆறாம அப்படியே அடுத்த நாள் வெயிலுக்கு கிளம்புது.

கார்காரனாவது பரவால்ல. எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஓட்டற டெலிவரி பசங்களை யோசிச்சு பாருங்க. நிறைய ஸ்கூட்டர்ல பேட்டரியை குளிர வைக்க ஓடும்போது அடிக்கற காத்து மட்டும்தான் வழி, ஹோட்டல் வாசல்ல வெயில்ல நின்னுட்டு கிளம்பினா சூடு ஏறி வண்டி தானா வேகத்தை குறைச்சுக்கும், பின்னாடி வர்ற பஸ் ஹாரன் அடிக்கும், கஸ்டமர் போன் அடிப்பாரு. 2025ல மாநகராட்சி அண்ணா நகர்ல டெலிவரி தொழிலாளர்களுக்கு ஏசி ஓய்வறை திறந்தாங்க, அதை நான் மனசார பாராட்டறேன். அந்த மாதிரி இடங்கள்ல வண்டி நிறுத்தறதுக்கும் மேல நிழல் போட்டு, பக்கத்துல நாலு பிளக் பாயின்ட் வச்சா எவ்ளோ நல்லா இருக்கும். 2025 ஜூன் 30ல வியாசர்பாடி டிப்போவுல இருந்து 120 எலக்ட்ரிக் பஸ் விட்டாங்க, அப்புறம் ஏசி எலக்ட்ரிக் பஸ்ஸும் வந்தாச்சு. ஸ்டாப்புக்கு ஸ்டாப் கதவு திறந்து மூடற பஸ்ல ஏசி எவ்ளோ இழுக்கும்னு சொல்லவே வேண்டாம்.

2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சுது. நல்ல முடிவு. பேரிடர்னு சொன்ன பிறகு, புதுசா வைக்கற பொது சார்ஜர் ஒவ்வொண்ணுக்கும் நிழல் கட்டாயம்னு ஒரு வரி சேத்துட்டா போதும்னு நான் கேக்கறேன். கூரை மேல சோலார் தகடு போட்டாலும் சரி, வெறும் தகரம் போட்டாலும் சரி. சார்ஜர் மெஷினுக்கு ஆகற செலவுல கூரைக்கு ஆகறது ரொம்பக் கம்மி. ஏற்கனவே வெயில்ல நிக்கற சார்ஜரை நடத்தறவங்களும் யோசிக்கணும், என் வண்டி அரை மணில கிளம்பியிருந்தா அடுத்த அரை மணில இன்னொரு வண்டி சார்ஜ் போட்டிருக்கும், நஷ்டம் அவங்களுக்கும்தான். அப்பார்ட்மென்ட் சங்கத்துக்காரங்களும் தயவு பண்ணி கீழ்த்தளத்து நிழல் பார்க்கிங்ல பிளக் வைக்க விடுங்க, எலக்ட்ரிக் வண்டின்னாலே வெளிய தெருவுல நிறுத்துன்னு சொல்றது அந்த வண்டியை வெயில்ல போட்டு வதைக்கறதுதான்.

எங்க கையில இருக்கறதை நாங்க பண்றோம். காலைல பிளக்ல இருக்கும்போதே ஏசி போட்டு வண்டியை குளிர வச்சுட்டு கிளம்பறேன், அந்தக் கரண்ட் பேட்டரில இருந்து போகாது. வெயில்ல நின்ன வண்டியை ரெண்டு நிமிஷம் கண்ணாடி இறக்கி ஓட்டி அனலை வெளிய விட்டுட்டுதான் ஏசி போடறேன். உள்காத்தே சுத்தற மாதிரி பட்டனை வச்சு 25, 26ல விட்டா போதும், 18ல வச்சா சீக்கிரம் குளிரும்னு நிறைய கஸ்டமர் நினைக்கறாங்க, வண்டி சூடா இருக்கும்போது ரெண்டுக்கும் ஏசி ஒரே வேகத்துலதான் ஓடும், குளிர்ந்த பிறகும் நிக்காம ஓடறதுதான் மிச்சம். வெயில் நாள்ல 80, 90க்கு மேல ஏத்தறதில்ல. ஹைவே ஓடி வந்த உடனே கன் மாட்டாம, வண்டியை நிழல்ல பத்து நிமிஷம் விட்டுட்டு மாட்டினா நல்லது, நிழல் கிடைச்சா.

போன சனிக்கிழமை திண்டிவனம் சவாரி, திரும்ப அதே பங்க்ல நின்னேன். அந்தப் பையன் காம்பவுண்ட் சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சு, இந்தப் பக்கம் ரெண்டு சவுக்குக் கட்டை நட்டு, ஏதோ கல்யாண பேனரை திருப்பிப் போட்டு கயித்தால கட்டி வச்சிருக்கான். பத்துக்கு பத்து நிழல் இருக்கும். என் வண்டில முன்பக்கம் மட்டும்தான் உள்ள போச்சு. ஆனா கைப்பிடி சுடல, ஸ்கிரீன்ல நம்பர் தெரிஞ்சுது. "காத்து அடிச்சா பிச்சுகிட்டு போயிடும்ணா, ஓனர்கிட்ட தகரம் கேட்டிருக்கேன்"னு சொன்னான்.

இப்படிக்கு,
மேடவாக்கத்திலிருந்து ஒரு டாக்சி டிரைவர்,
சென்னை.